தலையாட்டினால் செல்லுமா?

சபரீஷுக்கு இரண்டு மாமன்கள். இரண்டு பேரும் நல்லவர்கள். பிரச்சினையே அதுதான். கெட்டவர்களாக இருந்திருந்தால் ஒருநாள் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டுவிட்டு, மறுமாசமே கிடா விருந்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் ஆறு வருஷமாக மரியாதையாக இருந்தார்கள்.

அம்மாவின் அண்ணன் லட்சுமணசாமி. சூலூரில் பன்னிரண்டு தறி ஓட்டுகிறவர் என்பதால் வீட்டில் அவர் சூலூர் மாமா. அப்பாவின் தங்கையைக் கட்டியவர் காளிச்சாமி. சத்தியமங்கலத்தில் ஆற்றோரம் வாழை வைத்திருந்த அவர் சத்தி மாமா. தொண்ணூறாம் வருஷம் சத்தி மாமா புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். சூலூர் மாமா பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, பழத்தட்டோடு அந்த வாசலில் போய் நின்றார்.

கோயமுத்தூர்ப் பக்கம் ஒறம்பரை, அதாவது வீட்டுக்கு வரும் சொந்தம், படியேறினால் வீட்டுக்காரர் வாயைத் திறந்து "வாங்க" என்று கேட்க வேண்டும்; வரவேற்பதற்கு அங்கே அதுதான் பேர். கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டுவிட்டுப் போனால் செல்லாது. ஆளாளுக்குத் தனியாக, முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். எட்டுப் பேர் போனால் எட்டு "வாங்க". அன்றைக்குப் பார்த்து சத்தி மாமாவின் வாய் நிறைய வெற்றிலை. ஆகவே அவர் இரண்டு கையையும் கூப்பி, தலையை ஆட்டினார்.

நடந்தது அவ்வளவுதான். சூலூர் மாமா பழத்தட்டை அங்கேயே வைத்துவிட்டு, படியேறாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

"வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க" என்பது சூலூர்த் தரப்பு.

"அதான் தலையாட்டினனுங்களே" என்பது சத்தித் தரப்பு.

தலையாட்டினால் அது "வாங்க" ஆகுமா, ஆகாதா என்று சொந்தபந்தம் மொத்தமும் ஆறு வருஷமாக விவாதித்தும் தீர்ப்பு வரவில்லை. இதற்கிடையில் இரண்டு மாமன்களும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திவிட்டு, இடையில் ஓர் ஆளை வைத்துப் பேசப் பழகிக்கொண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட, "அவுங்களுக்கு ரசம் வேணுங்களான்னு கேளுங்க" என்று எதிரே இருப்பவரிடம் சொல்வார்கள். மற்ற ஊர்களில் கோபம் வந்தால் மரியாதை குறையும். இவர்களுக்குக் கோபம் ஏற ஏற "ங்க" கூடியது. ஒரு வாக்கியத்தில் ஒரு "ங்க" வந்தால் சாதாரணம், இரண்டு வந்தால் எச்சரிக்கை, மூன்று வந்தால் பக்கத்தில் இருக்கிற சொம்பை எடுத்து மறைத்து வைப்பது நல்லது என்று சபரீஷ் தன் அனுபவத்தில் கண்டிருந்தான்.

இப்போது தொண்ணூற்றாறு. அக்கா லோகப்பிரியாவுக்குத் தை மாசம் கல்யாணம். ஆயுத பூஜைக்கு நான்கு நாள் இருக்கும்போது அப்பா மயில்சாமி சபரீஷைக் கூப்பிட்டார்.

"ரெண்டு மாமனும் பந்தல்ல ஆளுக்கொரு மூலையில நின்னு தூதுவுட்டுக்கிட்டு இருந்தா சம்பந்தி ஊட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க? நோம்பி லீவுல எல்லாரையும் ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். ஏற்பாடு பூரா உன்றது."

"எனக்கு எதுக்குங்கப்பா இந்த வேலை?"

"உனக்குக் கோவா போகோணுமல்ல?"

சபரீஷ் படிக்கிற மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் மொத்தமும் கோவாவுக்குப் போகிறது. தொழிற்சாலைகளைப் பார்வையிட என்று கல்லூரி சொன்னது, மாணவர்களும் அதை மறுக்கவில்லை. பேர் கொடுக்க ஆயுத பூஜைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி. மூன்று வாரமாக அப்பா அந்தப் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை.

"ஒரு வார்த்தை தடிக்காம ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வந்துரு. நீ கோவாவுக்குப் போ, எங்க வேணாலும் போ."

அன்று ராத்திரியே சபரீஷ் வரைபடத் தாளில் திட்டம் போட்டான். மொத்தம் ஒன்பது பேர். வேன் ஒன்றே போதும். ஆனால் வேனில் முன் சீட்டு ஒன்றுதான் இருக்கிறது. முன் சீட்டில் ஒரு மாமன் உட்கார்ந்தால், பின் சீட்டில் உட்கார்ந்த மாமனுக்கு ஊட்டி வந்து சேருவதற்குள் ஒரு பரம்பரைப் பகை தயாராகிவிடும். அதனால் அப்பாவின் அம்பாசடர் ஒன்று, வாடகைக்கு மெட்டடார் வேன் ஒன்று. இரண்டு வண்டி, இரண்டு முன் சீட்டு, இரண்டு மாமன். கார் உசத்தியா வேன் உசத்தியா என்ற கேள்வி வந்துவிடக் கூடாது என்று, வண்டி நிற்கிற ஒவ்வோர் இடத்திலும் மாமன்கள் இடம் மாறிக்கொள்வதாக ஏற்பாடு.

தாளைப் பார்த்த லோகப்பிரியா, "டேய், இத்தனை மூளைய படிப்புல காட்டியிருந்தா அரியர் உழுந்திருக்காதல்ல?" என்றாள்.

"உன் கல்யாணத்துக்குத்தான் கஷ்டப்படறேன்."

"கோவாவுக்குன்னு சொல்லு. நானும் இந்த ஊட்லதான் இருக்கேன்."

விஜயதசமிக்கு மறுநாள், விடிந்தும் விடியாத நேரத்தில் சரவணம்பட்டி வீட்டு வாசலில் இரண்டு வண்டிகளும் நின்றன. இரண்டிலும் பம்பரில் கட்டிய வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனப் பொட்டு, வேனுக்குள் காலை வைத்தால் பூஜைப் பொரி நொறுங்கியது. அப்பா வாசலில் நின்று இரண்டு மாமன், இரண்டு அத்தை, வேன் டிரைவர் கரீம் என்று ஐந்து "வாங்க"வையும் தனித்தனியாகக் கேட்டு முடித்தார். சபரீஷ் விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்துக்கொண்டான்.

துடியலூர் தாண்டுவதற்குள் வேனில் முறுக்கு டின் பாதி காலி. சூலூர் அத்தை ராசாத்தாளும் சத்தி அத்தை பாப்பாயியும் தங்கள் வீட்டுக்காரர்களின் பகையை ஒருநாளும் மதித்ததில்லை. இரண்டு பேரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்து, யார் வீட்டுக்காரர் அதிகம் குறட்டை விடுகிறார் என்பதில் தொடங்கி மேலே போய்க்கொண்டிருந்தார்கள். காரமடையில் கரீம் பாட்டுப் போட்டார். மேட்டுப்பாளையத்தில் டீ குடித்தார்கள். அங்கே முதல் இடமாற்றம் தேர்தல் ஆணையமே பாராட்டும்படி நடந்தது. "எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதானுங்க" என்று சொல்லிக்கொண்டே சூலூர் மாமா காருக்கும் சத்தி மாமா வேனுக்கும் போனார்கள். கல்லாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மேகம் ஜன்னலுக்குள் வந்தது. எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். சத்தி மாமாகூடக் கத்தினார். சபரீஷ் மனசுக்குள் கோவாவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

பர்லியாறில் தூறல். பழக்கடைகளுக்கு முன்னால் வண்டிகள் நின்றன. எல்லாரும் இறங்கினார்கள். ஐந்து நிமிஷம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் ஒரு குரங்கு லோகப்பிரியாவின் கையிலிருந்த முறுக்கு டின்னைப் பிடுங்கிக்கொண்டு கூரையேறியது. மேலும் பதினைந்து குரங்குகள் கணக்குக் கேட்க வந்தன.

"ஏறுங்க, ஏறுங்க! எல்லாரும் வண்டியில ஏறுங்க!" என்று அப்பா கத்தினார். பின்னால் ஒரு பஸ் இடம் கேட்டு ஹாரன் அடித்தது. கரீம் வேனைக் கிளப்பினார்.

வேனில் முன் சீட்டு காலியாக இருந்தது. இந்த முறை சூலூர் மாமா வேனுக்கு வந்திருக்க வேண்டும்.

"வண்டிய நிறுத்தட்டுங்களா தம்பி?" என்றார் கரீம்.

சபரீஷ் யோசித்தான். சத்தி மாமா முறைப்படி காருக்குப் போய்விட்டார். சூலூர் மாமா குரங்குக்குப் பயந்து மறுபடி காரிலேயே ஏறிவிட்டார். அப்படியானால்... "கரீம் பாய்! ரெண்டு மாமனும் ஒரே வண்டியில போறாங்க!"

"அடி ஆத்தீ!" என்று பாப்பாயி அத்தை கன்னத்தில் கைவைத்தார்.

"ஆறு வருசத்துக்கு அப்பறம்!" என்று ராசாத்தாள் அத்தை வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அங்கே வேனின் கூரைதான் இருந்தது.

சபரீஷுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் கோவா ஐம்பது கிலோமீட்டர் கிட்டே வந்தது. மேகத்துக்குள் முன்னால் போகிற கார் தெரியவில்லை. தெரியாததும் நல்லதுதான், பெரியவர்கள் மனசுவிட்டுப் பேசும்போது பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பது நாகரிகமில்லை என்று அவன் நினைத்தான்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கார் நின்றிருந்தது. அப்பா இறங்கி, முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"என்னடா, ரெண்டு பேரும் வேன்ல ஒண்ணா வந்தாங்களா? நல்லாப் பேசிக்கிட்டாங்களா?"

சபரீஷின் சிரிப்பு அப்படியே நின்றது.

"கார்லதானுங்களே வந்தாங்க?"

"கார்ல முன் சீட்டு சும்மாத்தானடா வந்துது. சத்தி மாமன் மறுபடி வேன்லயே ஏறிட்டாரு, சூலூர் மாமனும் வேனுக்கு வந்துட்டாருன்னு..."

இரண்டு வண்டியிலும் பூஜை வாழைக்கன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரையும் ஒண்ணாக் குரங்குகிட்ட உட்டுட்டு வந்துட்டியேடா," என்றாள் லோகப்பிரியா. "ஒரு வகையில ஒத்துமைதான்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ராசாத்தாள் அத்தை மட்டும், "பஸ்ஸில்லாத ஊரா என்ன? பசிச்சா வந்துருவாங்க" என்றார். ஆனால் அப்பா கேட்கவில்லை. இனி யாரையும் எங்கேயும் பிரித்துவிட்டுப் போவதில்லை, எல்லாரும் ஏறுங்கள் என்றார். இரண்டு வண்டிகளும் மலையிறங்கின. வழியில் ஏறி வந்த ஒரு பஸ்ஸின் ஜன்னலிலிருந்து இரண்டு கைகள் படபடவென்று ஆடின. மேகத்தில் முகம் தெரியவில்லை. யாரோ டூருக்குப் போகிற சந்தோஷத்தில் ஆட்டுகிறார்கள் என்று, சபரீஷும் மரியாதைக்குக் கையை ஆட்டினான்.

பர்லியாறில் குரங்குகள் இருந்தன. டின் இருந்தது. மாமன்கள் இல்லை.

பழக்கடை வைத்திருந்த சாஜிதா பேகம் அவர்களைப் பார்த்ததும் சிரிக்கத் தொடங்கினார். "வேட்டி கட்டுன ரெண்டு பேருங்களா? ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க? நீங்க கெளம்பும்போது ரெண்டு பேரும் இந்தக் கடைக்குப் பின்னாலதான் நின்னுட்டு இருந்தாங்க. 'அவுங்க மொதல்ல ஏறட்டுங்க'ன்னு இவர் எங்கிட்ட சொல்றாரு. 'இல்லீங்க, அவுங்க பெரியவங்க, அவுங்க ஏறட்டுங்க'ன்னு அவரும் எங்கிட்டத்தான் சொல்றாரு. நான் ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்திச் சொல்றதுக்குள்ள ரெண்டு வண்டியும் போயிருச்சு."

"அப்பறமுங்க?"

"அப்பறம் பஸ்ஸு வந்துது. அதுலயும் இதே கதை. 'அவுங்க ஏறட்டுங்க.' ரெண்டு பஸ்ஸு போயிருச்சு. மூணாவது பஸ்ஸு கண்டக்டர் எறங்கி வந்து ரெண்டு பேரையும் ஒண்ணாப் புடிச்சு உள்ள தள்ளிட்டாரு. இப்பத்தான் போச்சு, எதுக்கால வந்திருக்குமே, பாக்கலீங்களா?"

சபரீஷ் தன் கையைப் பார்த்தான். ஆட்டிய கை.

மறுபடியும் மலை. மறுபடியும் அதே வளைவுகள். வேனில் சபரீஷ் கோவாவிலிருந்து பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு துணியாக அலமாரியில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். பஸ் ஏறியதிலிருந்து தனியாக, தூது சொல்ல ஓர் ஆள்கூட இல்லாமல் இருக்கிறார்கள். என்ன ஆகியிருக்குமோ.

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரே பெஞ்சில் இரண்டு மாமன்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு குடை, எல்லைக்கோடு மாதிரி. அடுப்புச் சூடு ஆறாத மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டை ஆளுக்கொரு காகிதப் பொட்டலமாக வைத்திருந்தார்கள். சத்தி மாமா டீயை ஊதிக்கொண்டிருந்தார். சூலூர் மாமா ஒரு முழு வர்க்கியை அப்போதுதான் வாயில் போட்டிருந்தார்.

குடும்பம் மொத்தமும் இறங்கி ஓடி வந்தது. முதலில் வந்து உட்கார்ந்திருப்பவர் பின்னால் வருகிறவரைக் கேட்க வேண்டும், அது பஸ் ஸ்டாண்டு பெஞ்சானாலும் சரி. சூலூர் மாமா பரபரவென்று எழுந்தார். வாயைத் திறந்தால் எதிரே நிற்பவர் சட்டை முழுக்க வர்க்கித் தூள். ஆகவே இரண்டு கையையும் கூப்பி, ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, ஏழு முறை தலையை ஆட்டினார்.

ஏழாவது ஆட்டலில் தலை பாதியில் நின்றது. செய்தது என்னவென்று அவருக்கே தெரிந்துவிட்டது.

சத்தி மாமா டீ கிளாசைப் பெஞ்சில் வைத்தார். மெதுவாக எழுந்தார்.

"மாப்ளே," என்றார் சபரீஷிடம், "அவுங்க இப்ப என்ன பண்ணுனாங்கன்னு கேளுங்க."

"தலை... தலைய ஆட்டுனாருங்க மாமா."

"அப்படீங்களா? அப்ப ஒறம்பரைய வாங்கன்னு கேட்டாச்சுங்களா, கேக்கலீங்களான்னும் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

நான்கு "ங்க". சபரீஷ் சுற்றிலும் சொம்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான். டீ கிளாசை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

எல்லாரும் சூலூர் மாமாவின் வாயையே பார்த்தார்கள். அவர் மென்றார். குன்னூர் வர்க்கி அவ்வளவு சீக்கிரம் கரைவதில்லை. மென்று, விழுங்கி, மறுபடி விழுங்கி, தூது ஆளைப் பார்க்காமல் நேராகச் சத்தி மாமாவைப் பார்த்தார்.

"கேட்டாச்சுங்க தம்பி," என்றார். "வாயில வர்க்கி இருந்துச்சு."

ஆறு வருஷத்தில் முதல் வார்த்தை.

"அன்னைக்கு என்ற வாயில வெத்தலை இருந்துச்சுங்ணா."

"துப்பிப்போட்டுக் கேட்டிருக்கலாமல்லொ?"

"எங்கீங்ணா துப்பறது? புதுத் தரை. வெள்ளை மொசைக்கு. மொத நாள்தான் பாலீஷ் போட்டது."

"வெள்ளை மொசைக்கா?" சூலூர் மாமா திடுக்கிட்டார். ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங், வெள்ளை மொசைக்குன்னு எங்கிட்ட ஒருத்தருமே சொல்லலியே! நான் படியேறாமத் திரும்பிட்டேன், தரைய எங்க பாத்தேன்? வெள்ளை மொசைக்குல வெத்தலையத் துப்ப முடியுமா, ஆறு வருசமா ஆராச்சும் சொன்னீங்களா?"

ராசாத்தாள் அத்தைதான் முதலில் சிரித்தார். பாப்பாயி அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். பிறகு யார் சிரிப்பு யாருடையது என்று தெரியவில்லை. சூலூர் மாமா குடையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, தன் பொட்டலத்திலிருந்து ஒரு வர்க்கியை எடுத்துச் சத்தி மாமாவின் கையில் கொடுத்தார். சபரீஷ் கோவாப் பெட்டியை மறுபடியும் எடுத்தான்.

"அப்பா எங்க?" என்றாள் லோகப்பிரியா.

அப்பா காருக்குப் பக்கத்தில் தனியாக நின்று, பம்பரில் வாடிய வாழைக்கன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். சபரீஷ் ஓடினான்.

"வாங்கப்பா, டீ குடிக்கலாம்."

"நீ கேட்டா ஆச்சா? கேக்கோணுங்கிறவங்க கேக்கலையே."

"சூலூர் மாமா தலையாட்டுனாருங்களே!"

"ஏறி, எறங்கி, மறுபடி ஏறி வந்திருக்கேன். எனக்கு ஒரு வாங்க இல்லை. தலையாட்டறதெல்லாம் ஒரு கேக்கறதாங்க?"

மகனை "ங்க" போட்டுப் பேசிவிட்டார். இரண்டாம் ஆறு வருஷம் கண்ணெதிரே தொடங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு மூன்றே நாள்.

அவன் பெஞ்சுக்குத் திரும்பி ஓடினான். "மாமா, ரெண்டு பேரும் வாயக் கொப்புளிச்சுட்டு ரெடியா நில்லுங்க. மத்தவங்க பூராப் பேரும் வண்டியில ஏறுங்க!"

"என்னடா இது, கல்யாண ரிகர்சலா?" என்றாள் லோகப்பிரியா.

"பேசாம ஏறுக்கா! கரீம் பாய், பஸ் ஸ்டாண்ட ஒரு சுத்துச் சுத்தி வாங்க!"

இரண்டு வண்டிகளும் வாழைக்கன்று ஆட ஆட பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றின. பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஊர்வலமோ என்று விலகினார்கள். கார் வந்து நின்றது. அப்பா இறங்கினார், ஒன்றும் தெரியாத முகத்தோடு, இப்போதுதான் சரவணம்பட்டியிலிருந்து வருகிறவர் போல.

"வாங்க மச்சான், வாங்க!" என்றார் சூலூர் மாமா, வாயை அகலத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்பது தெரிகிற மாதிரி.

"வாங்க மச்சான்! நல்லா வந்தீங்களா?" என்றார் சத்தி மாமா.

"வா அம்மணி," என்று இருவரும் லோகப்பிரியாவைக் கேட்டார்கள். அம்மாவைக் கேட்டார்கள். சபரீஷைக் கேட்டார்கள். "வாங்க டிரைவர்" என்று கரீமைக் கேட்டார்கள். கரீம் நெஞ்சில் கைவைத்துப் பதில் சொன்னார். சத்தி மாமா பாப்பாயி அத்தையைக் கேட்டுவிட்டு, சொந்தப் பெண்டாட்டிக்கே "வாங்க" என்று வந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். ராசாத்தாள் அத்தை இடுப்பில் கைவைத்து நின்றார்.

"எனக்கில்லீங்களா?"

"நீயும் வா," என்றார் சூலூர் மாமா, தரையைப் பார்த்து.

ஊட்டி பஸ்ஸுக்குக் காத்திருந்த யாரோ ஒரு பெரியவர் நடுவில் புகுந்து நடந்தார். வந்த வேகத்தில் அவரையும் கேட்டுவிட்டார்கள். "இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அப்பாவின் மீசை மெல்ல விரிந்தது. வந்து பெஞ்சின் நடுவில், குடை இருந்த இடத்தில் உட்கார்ந்தார். இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு வர்க்கிகள் நீட்டப்பட்டன. எதை முதலில் எடுப்பது என்று ஒரு கணம் யோசித்து, ஆபத்தை உணர்ந்து, இரண்டையும் ஒரே சமயத்தில் வாயில் போட்டார்.

இந்த நிமிஷத்துக்காகத்தான் சபரீஷ் காத்திருந்தான்.

"அப்பா, கோவாவுக்குப் பேர் குடுத்துரட்டுங்களா?"

அப்பா மென்றுகொண்டே அவனைப் பார்த்தார். மாமன்களைப் பார்த்தார். இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தலையை ஆட்டினார்.

"வாயால ஒண்ணும் சொல்லலையே," என்றார் அம்மா. "தலையாட்டுனாச் செல்லுமா?"

"செல்லுமுங்க!" என்றார்கள் இரண்டு மாமன்களும், ஒரே குரலில்.

அப்பா ஏதோ சொல்ல ஒரு கையை உயர்த்தினார். சபரீஷ் அந்தக் கையில் இன்னொரு வர்க்கியை வைத்தான்.